அப்பலாச்சியன் ஸ்பிரிங்: நாட்டியத்தோடு கேட்டால் வேறோர் இசை

கருங்குயில் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க இசையமைப்பாளர் ஏரன் கோப்லண்டின் "அப்பலாச்சியன் ஸ்பிரிங்" இசையை இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வருகிறேன். லெனர்ட் பெர்ன்ஸ்டைன் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கைக் கொண்டு செய்த பதிவுதான் முதலில் என் கைக்குக் கிடைத்தது. விடியற்காலையில் அதை ஓடவிட்டுக் காப்பி குடிப்பது என் பழக்கம் என்பதிலிருந்தே, அதை எப்படிப்பட்ட இசையாக எடுத்துக்கொண்டிருந்தேன் என்பது உங்களுக்குப் புரியும். பச்சைப் புல்வெளி, பனி, காலை வெயில் என்ற அளவில்தான் என் கற்பனை இருந்தது.

சென்ற மாதம், இந்த இசைக்கு அமெரிக்க நவீன நாட்டியக் கலைஞர் மார்த்தா கிரஹாம் அமைத்த நாட்டியத்தை 1958ஆம் ஆண்டுக் கறுப்பு வெள்ளைப் படத்தில் முதன்முறையாகத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்தேன். அப்போது கிரஹாமுக்கு வயது 64. அவரே மணப்பெண்ணாக ஆடுகிறார். கதை என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பென்சில்வேனியா மலைப்புறத்தில் புதிதாகக் கட்டிய ஒரு வீட்டுக்கு இளந்தம்பதியர் குடிவருகின்றனர். அவர்களோடு ஒரு முன்னோடிப் பெண்மணி, எழுப்புதல் கூட்டம் நடத்தும் பிரசங்கியார் ஒருவர், அவருடைய சீடப் பெண்கள் நால்வர். மொத்தம் எட்டுப் பேர்.

என்னைத் திடுக்கிட வைத்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். "சிம்பிள் கிஃப்ட்ஸ்" என்ற பழைய மெட்டு வருகிறது, ஒவ்வொரு வாத்தியமாக அதைத் தாங்கிச் செல்கிறது, அடுத்து எல்லா வாத்தியங்களும் சேர்ந்து முழங்கப்போகின்றன என்று காத்திருந்தேன். முழக்கம் வரவில்லை. பிரசங்கியார் குதித்தார், முழங்காலில் விழுந்தார், விரலை நீட்டிக் குற்றம் சாட்டினார். அதற்கான இசையை நான் ஒருநாளும் கேட்டதே இல்லை. அதன் பிறகு மணப்பெண் தனியாக அங்குமிங்கும் ஓடிய இசையையும் கேட்டதில்லை. இத்தனை ஆண்டுகளாக நான் கேட்டது பாதி அறுத்த இசையா? விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மெட்டுக்காரர்

கருங்குயில் அவர்களே, பாதி என்று சொல்ல முடியாது. ஆனால் அறுத்தது உண்மைதான், அறுத்தவரும் கோப்லண்டேதான். அதன் பின்னணியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த நாட்டியம் 1944 அக்டோபர் 30 அன்று வாஷிங்டனில், காங்கிரஸ் நூலகத்துக்குள் இருக்கும் கூலிட்ஜ் அரங்கில் முதன்முதலாக ஆடப்பட்டது. அந்த அரங்கைக் கட்டுவதற்கும் இந்த இசையை எழுதுவிப்பதற்கும் பணம் தந்தவர் எலிசபெத் ஸ்பிரேக் கூலிட்ஜ் என்ற இசைப்புரவலர். அன்று அவருடைய 80ஆவது பிறந்தநாள். கோப்லண்டுக்குக் கிடைத்த தொகை 500 டாலர். ஏறத்தாழ 500 பேர் மட்டுமே அமரக்கூடிய சிறிய அரங்கு என்பதால் பெரிய இசைக்குழுவுக்கு அங்கே இடமில்லை. எனவே அவர் 13 வாத்தியங்களுக்கு மட்டுமே எழுதினார்: நான்கு வயலின், இரண்டு வயோலா, இரண்டு செல்லோ, ஒரு டபுள் பேஸ், ஒரு புல்லாங்குழல், ஒரு கிளாரினெட், ஒரு பசூன், ஒரு பியானோ. டிரம்பெட் இல்லை, முரசு இல்லை. இடநெருக்கடியால் வந்த இந்தச் சிக்கனம்தான் இந்த இசையின் அழகுக்கே காரணம் என்பது என் எண்ணம்.

அடுத்த ஆண்டு இதே இசைக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. 1945இல் முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்காக ஒரு கச்சேரித் தொகுப்பை அவர் உருவாக்கியபோது, சுமார் 35 நிமிட நாட்டிய இசை ஏறக்குறைய 25 நிமிடமாகச் சுருங்கியது. மேடையில் ஆட்டம் இல்லாதபோது, நாடகத் தன்மை மிகுந்த பகுதிகள் அவையோரை அயரச் செய்யும் என்று அவர் கருதியிருக்கக்கூடும். நீக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி நீங்கள் குறிப்பிட்ட இடம்தான். இரவைப் பற்றிய அச்சம், கடவுளின் கோப நாள், நெருக்கடியான கணம் என்று பெயர் பெற்ற பகுதிகள் அவை. சிம்பிள் கிஃப்ட்ஸ் மெட்டு வெவ்வேறு வடிவங்களில் வந்துகொண்டிருக்கும்போதே, கடைசி வடிவத்துக்கு முன்னால் இவை குறுக்கிடுகின்றன.

இதனால் நேரும் பொருள் மாற்றத்தைக் கவனியுங்கள். தொகுப்பில் அந்த மெட்டு படிப்படியாக வளர்ந்து தடையே இல்லாமல் முழக்கத்தை எட்டுகிறது. கேட்பவருக்கு அது ஒரு திருவிழா. முழு இசையில் அதே மெட்டு இடையில் அறுந்துபோய், நரகம் பற்றிய பிரசங்கத்தையும் ஒரு பெண்ணின் நடுக்கத்தையும் கடந்தபின் மீண்டும் தலையெடுக்கிறது. சுரங்கள் அவையே. ஆனால் முன்னதில் ஒன்றும் நடக்கவில்லை, பின்னதில் ஏதோ நடந்து முடிந்திருக்கிறது.

முழு இசையைக் கேட்க விரும்பினால், கோப்லண்டே 13 வாத்தியங்களைக் கொண்டு 1973இல் நடத்திய பதிவு இருக்கிறது. முழு நீளத்தையும் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் கேட்க விரும்புவோருக்கு மைக்கேல் டில்சன் தாமஸும் சான் பிரான்சிஸ்கோ சிம்பொனியும் செய்த பதிவு உதவும். முதலாவதையே நான் பரிந்துரைப்பேன். பியானோ சுத்தியல்போல் தெறிப்பதை அதில்தான் கேட்க முடியும்.

புதுவாசகன்

நான் இந்தத் துறைக்குப் புதியவன். சிறிய ஐயம் ஒன்று. தலைப்பை "அப்பலாச்சிய வசந்தம்" என்று ஒரு கட்டுரையில் மொழிபெயர்த்திருந்தார்கள். இசையில் வசந்தம் எந்த இடத்தில் வருகிறது?

கருங்குயில்

இந்தக் கேள்விக்கு நானே பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதே மொழிபெயர்ப்பை நானும் பல காலம் நம்பியிருந்தேன். கோப்லண்ட் எழுதும்போது இதற்குத் தலைப்பே கிடையாது. "மார்த்தாவுக்கான பாலே" என்றுதான் தாளின் மேல் குறித்து வைத்திருந்தார். 1943இல் ஹாலிவுட்டில் ஒரு திரைப்படத்துக்கு இசையமைத்துக்கொண்டிருந்த வேளையில் தொடங்கி, 1944இல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் முடித்தார். அதுவரை அப்பலாச்சிய மலைகளைப் பற்றியோ வசந்த காலத்தைப் பற்றியோ அவர் நினைத்துப் பார்க்கவில்லை. அரங்கேற்றத்துக்குச் சற்று முன்புதான், ஹார்ட் கிரேன் என்ற கவிஞரின் நெடுங்கவிதையிலிருந்து இந்தச் சொற்களைக் கிரஹாம் எடுத்துத் தலைப்பாக்கினார்.

கவிதையில் அந்தச் சொல் பருவத்தைக் குறிக்கவில்லை. மலையேறும் ஒருவன் உச்சியிலிருந்து வீழும் நீரைக் கண்டு கூவும் இடம் அது. ஆகவே "அப்பலாச்சியச் சுனை" என்பதே அதற்கு நெருங்கிய தமிழ். பிற்காலத்தில் பலரும் கோப்லண்டிடம் வந்து, உங்கள் இசையைக் கேட்டால் அந்த மலைகளே கண்முன் தெரிகின்றன, வசந்தத்தின் மணமே வீசுகிறது என்று சொல்வார்களாம். அவர் அதைச் சிரிப்போடு பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த வரிசையில் காப்பிக் கோப்பையோடு நானும் நின்றிருக்கிறேன்.

நட்டுவாங்கம்

நான் பரதம் கற்பிப்பவள். மேற்கத்திய நவீன நாட்டியத்தைப் பார்வையாளராக மட்டுமே அறிவேன். இருந்தாலும், இசையைப் பற்றியே பேச்சு போவதால் உடலைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லத் தோன்றுகிறது.

முதலில் அவர்கள் மேடைக்கு வரும் விதத்தைப் பாருங்கள். ஒவ்வொருவராக, அவசரமே இல்லாமல் நடந்து வருகிறார்கள். மணமகனான குடியானவன், வீட்டுச் சுவரருகே நின்று அதைக் கையால் தொடுகிறான். சுவர் என்றால் செங்கல் சுவர் அன்று. சிற்பி இசாமு நொகுச்சி அமைத்த அந்த வீடு சில மரச்சட்டங்களும் ஒரு பலகைப் பரப்பும் மட்டுமே. திண்ணையில் மெலிந்த நாற்காலி ஒன்று, வேலியைக் காட்ட ஒரு துண்டு, பிரசங்கியார் ஏறி நிற்க ஒரு சிறு மேடை, அவ்வளவுதான். ஜியாகொமெத்தியின் சிற்பம் ஒன்றைப் பார்த்துவரும்படி நொகுச்சியைக் கிரஹாம் அனுப்பினார் என்பது பலரும் அறிந்த செய்தி. குச்சிகளாலேயே ஒரு மாளிகையை நிறுத்திக் காட்டும் சிற்பம் அது. இங்கும் வீடு வெறும் கோடுகளாகவே நிற்கிறது, ஆட்டக்காரன் தொட்டபிறகுதான் அது சுவராகிறது. இல்லாத பொருளைக் கையால் உண்டாக்கிக் காட்டுவது எங்கள் தொழில் என்பதால் இந்த இடம் எனக்கு உடனே பிடித்துப்போனது.

அடுத்தது அசையாமை. ஒருவர் ஆடும்போது மற்றவர்கள் உள்ளே போய்விடுவதில்லை. திண்ணையிலும் பலகையிலும் அப்படியே அமர்ந்திருக்கிறார்கள். ஓய்வெடுப்பவர்களின் இருப்பு அன்று அது. முதுகு நிமிர்ந்து, பார்வை எங்கோ தொலைவில் நிலைத்திருக்கிறது. இதனால் மணப்பெண் தனக்குள் நினைப்பதை ஆடும்போதும் ஊர் முழுவதும் அவளைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. புதுமணப்பெண்ணின் நிலைமை உலகமெங்கும் அதுதான் போலும்.

கிரஹாமின் முறையில் அசைவு வயிற்றிலிருந்து பிறக்கிறது. மூச்சை வெளியே விடும்போது அடிவயிறு உள்ளே இழுபட்டு முதுகெலும்பு வளைகிறது. மூச்சை எடுக்கும்போது அது விரிந்து நிமிர்கிறது. கையும் காலும் அதன் விளைவாகவே நகர்கின்றன. அவருடைய கிரேக்கத் துயரக் கதை நாட்டியங்களில் இந்த வளைவு ஓர் அலறலைப்போல் இருக்கும். இங்கே பெரும்பகுதி நேரம் அதை அடக்கியே வைத்திருக்கிறார். மணப்பெண்ணின் ஆட்டம் சிறு சிறு ஓட்டங்களாலும் திடீர்த் திருப்பங்களாலும் ஆனது. ஒரு திசையில் புறப்படுவாள், நினைவு வந்ததுபோல் நின்று வேறு திசைக்குத் திரும்புவாள். இல்லாத குழந்தையைக் கையில் ஏந்துவாள். அந்த ஏந்தலில் மகிழ்ச்சி இருக்கிறது. அடுத்த கணமே கை பதறிப் பிரியும். கோப்லண்டின் இசை அந்த இடத்தில் தாள எண்ணிக்கையை அடிக்கடி மாற்றுவதால், அவள் கால் தரையில் பதியும் நொடியை நாம் முன்கூட்டி எண்ணிவிட முடிவதில்லை.

பிரசங்கியாராக 1944இல் ஆடியவர் மெர்ஸ் கன்னிங்ஹம். பிற்காலத்தில் இசைக்கும் நாட்டியத்துக்கும் உள்ள கட்டையே அறுத்துவிட்ட புரட்சிக்காரர் அவர். குடியானவனாக எரிக் ஹாகின்ஸ். மணப்பெண்ணாகக் கிரஹாம்; அப்போது அவருக்கு வயது 50. நான்கு ஆண்டுகள் கழித்து அவரும் ஹாகின்ஸும் மெய்யாகவே மணந்துகொண்டார்கள். அந்த மணம் நிலைக்கவில்லை. இந்தச் செய்தி தெரிந்தபின் பார்க்கும்போது அந்தக் கை பதறுவதை வேறு மாதிரிப் பார்க்கத் தோன்றுகிறது. அது நியாயமான பார்வையா என்று எனக்கே ஐயம் உண்டு.

மெட்டுக்காரர்

அம்மா, வீட்டை "கோடுகள்" என்று நீங்கள் சொன்னதைப் படித்ததும் இசையின் தொடக்கம்தான் நினைவுக்கு வந்தது. அதுவும் ஏறத்தாழ வெறும் சட்டங்கள்தான். ஏ மேஜர் முக்கூட்டின் சுரங்கள் ஒவ்வொன்றாக, மிக மெதுவாக வைக்கப்படுகின்றன. அவை ஒலித்துக்கொண்டிருக்கும்போதே ஈ மேஜரின் சுரங்கள் மேலே வந்து அமர்கின்றன. நம் முறையில் சொல்வதானால், ச க ப ஒலிக்கும்போதே ப நி ரி அதன்மீது ஏறிக்கொள்கிறது. பஞ்சமம் இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால் மோதல் இல்லை. ஆனாலும் இரண்டு சன்னல்களைச் சேர்ந்தாற்போல் திறந்ததுபோல் ஒரு விரிவு உண்டாகிறது. கோப்லண்ட் பாரிசில் நாதியா பூலான்ஜே என்ற புகழ்பெற்ற இசை ஆசிரியரிடம் பயின்றவர். இவ்வளவு குறைவாக எழுதுவதற்கு எவ்வளவு படித்திருக்க வேண்டும் என்பது வாசித்துப் பார்ப்பவருக்குத் தெரியும்.

அந்தச் சிம்பிள் கிஃப்ட்ஸ் மெட்டைப் பற்றியும் ஒரு செய்தி. எங்கள் சபையில் நான் ஆர்கன் வாசிப்பவன், இந்த மெட்டில் அமைந்த ஆங்கில ஞானப்பாட்டு ஒன்றைச் சிறுவயது முதலே அறிவேன். ஆனால் அதன் பிறப்பிடத்தைப் பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன். மெய்ன் மாநிலத்தில் வாழ்ந்த ஜோசப் பிராக்கெட் என்பவர், ஷேக்கர் என்ற கிறித்தவப் பிரிவின் பெரியவர், 1848இல் இயற்றியது அது. ஷேக்கர்கள் வழிபாட்டிலேயே ஆடுபவர்கள். எளிமையாக இருப்பதும், வணங்கி வளைவதும், சுழன்று சுழன்று உரிய இடத்தை அடைவதும் வரம் என்று அந்தப் பாடல் சொல்வது, ஆடுபவர்கள் அடி எடுத்து வைப்பதற்கான குறிப்புமாகும். எட்வர்ட் டெமிங் ஆண்ட்ரூஸ் என்பவர் 1940இல் வெளியிட்ட ஷேக்கர் பாடல் தொகுப்பில் கோப்லண்ட் அதைக் கண்டெடுத்தார். அதுவரை அந்தச் சிறிய சமூகத்துக்கு வெளியே அதை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

வேடிக்கை என்னவென்றால், ஷேக்கர்கள் திருமணமே செய்துகொள்ளாதவர்கள்! பிரமச்சரியம் அவர்களுடைய அடிப்படை நெறி. மேற்குப் பென்சில்வேனியாவில் அவர்களுக்குக் குடியிருப்பும் இருந்ததில்லை. ஆக, இல்லாத ஊரில் நடக்கும் ஒரு கலியாணத்துக்கு, கலியாணமே வேண்டாம் என்றவர்களின் பாட்டு. ஊர் விஷயத்தில் தாம் தவறியதைக் கோப்லண்டே பின்னர் ஒப்புக்கொண்டார். எனக்கு இதில் வருத்தமில்லை. மெட்டு எங்கே போனாலும் வீட்டுக்காரன்போல் உட்கார்ந்துகொள்கிறது.

எதிர்க்கரை

இழையின் மரியாதையான தொனியைக் கெடுக்க விரும்பவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் எல்லோரும் அந்த வீட்டைப் புகழ்கிறீர்கள். வீடு நிற்கும் நிலம் யாருடையது? அந்த மலைப்புறத்தில் லெனாப்பே, ஷானி, செனெகா என்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்தார்கள். அவர்கள் துரத்தப்பட்டபின் வந்தவர்களைத்தான் இந்த நாட்டியம் "முன்னோடிகள்" என்கிறது. மணப்பெண்ணின் அச்சம் இரவைப் பற்றியது, நரகத்தைப் பற்றியது. நிலத்தைப் பறிகொடுத்தவர்களைப் பற்றி அவளுக்கு ஒரு சிறு உறுத்தலும் இல்லை.

இது தற்செயலாக நேர்ந்த மறதி என்றால்கூட விட்டுவிடலாம். கிரஹாம் கோப்லண்டுக்கு அனுப்பிய கதைக்குறிப்புகளில் ஒரு பூர்வகுடிப் பெண் இருந்தாள். தப்பியோடி வரும் அடிமை ஒருவனும் இருந்தான், உள்நாட்டுப் போரின் நிழலும் இருந்தது. மேடைக்கு வந்தபோது மூன்றுமே இல்லை. கருங்குயில் சொன்ன கிரேனின் கவிதையிலும் அந்தச் சொற்கள் வருவது ஒரு பூர்வகுடித் தலைவனின் நடனத்தை நடுவாகக் கொண்ட பகுதியில்தான். தலைப்பை அங்கிருந்து எடுத்துக்கொண்டு, அவனுடைய மக்களை மேடையிலிருந்து இறக்கிவிட்டார்கள். தொகுப்பிசையில் பத்து நிமிடம் காணாமற்போனதற்காக வருந்துகிறோம். நாட்டியத்திலிருந்தே காணாமற்போனவர்களை யார் கணக்கில் எடுப்பது?

கருங்குயில்

எதிர்க்கரை அவர்களே, இதில் தொனி கெட எதுவுமில்லை. கதைக்குறிப்பு பற்றி நீங்கள் சொன்னது சரியே; மறுக்க மாட்டேன். ஆனால் மேடையில் நின்றவர்கள் யார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

1944 அக்டோபரில் போர் முடியவில்லை. பசிபிக் கரையோர மாநிலங்களில் இருந்த சப்பானிய வம்சாவளியினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தார்கள். சீடப் பெண்கள் நால்வரில் ஒருவராக அன்று ஆடிய யூரிகோ, கலிபோர்னியாவில் பிறந்த அமெரிக்கக் குடிமகள். அரிசோனாவின் கீலா ரிவர் முகாமில் அடைபட்டிருந்து, 1943இல் வெளியே வந்து நியூயார்க் சேர்ந்தவர். வீட்டை அமைத்த நொகுச்சி, முகாமில் வாழ்வோருக்குப் பூங்காவும் திடலும் அமைத்துத் தரலாம் என்ற எண்ணத்தில் 1942இல் தாமாகவே போஸ்டன் என்ற அரிசோனா முகாமுக்குள் போனவர். மாதக்கணக்கில் அங்கே இருந்தபின்தான் வெளியேற முடிந்தது. நாட்டின் வீடு எது என்று காட்டும் சட்டங்களை நிறுத்தியவர், நாடு வெளியாள் என்று ஒதுக்கிய ஒருவர். அந்த வீட்டு வாசலில் மண்டியிட்டுத் தொழும் பெண்களில் ஒருத்தி, முள்வேலிக்குள்ளிருந்து வந்து ஓராண்டு கடந்தவள்.

கோப்லண்டும் அப்படித்தான். லித்துவேனியாவிலிருந்து வந்த யூதப் பெற்றோருக்கு புரூக்ளினில் பிறந்தவர். "அமெரிக்க ஒலி" என்று இன்று எல்லோரும் கைகாட்டும் அந்த ஒலியை உருவாக்கிய அவரையே கம்யூனிஸ்டு ஆதரவாளர் என்ற சந்தேகத்தில் 1953இல் செனட்டர் மெக்கார்த்தியின் குழு அழைத்து விசாரித்தது. 1958ஆம் ஆண்டுப் படத்தில் முன்னோடிப் பெண்மணியாக ஆடுபவர் மேட் டர்னி என்ற கறுப்பினக் கலைஞர். தென் மாநிலங்களில் இன ஒதுக்கல் சட்டங்கள் நடப்பில் இருந்த காலம் அது. அவர் இரு கைகளையும் விரித்து அடிவானத்தைப் பார்த்து நிற்கும்போது, அந்த நிலம் யாருடையது என்ற உங்கள் கேள்வி எனக்கு அங்கே ஒலிக்காமல் இல்லை.

எதிர்க்கரை

ஆடியவர்களின் வரலாறு எனக்குத் தெரியாதது, நன்றி. ஆனாலும் அது நாட்டியத்துக்கு வெளியே இருக்கும் செய்தி. யூரிகோவின் முகாம் வாழ்க்கை அந்த அடவுகளில் எங்கே இருக்கிறது என்று நீங்கள் காட்டவில்லை. படைப்பு பேசாததை நடிகர் பட்டியல் பேசுவதாகச் சொல்வது எனக்கு முழு மனநிறைவு தரவில்லை.

நட்டுவாங்கம்

எதிர்க்கரை அவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. சீடப் பெண்கள் நால்வரின் ஆட்டத்தைக் கூர்ந்து பார்த்தால், அவர்களுக்குத் தனித்தனி முகமே கொடுக்கப்படவில்லை. கையைக் குவித்துக்கொண்டு, குருவிக்கூட்டம்போல் சிற்றடி வைத்து, பிரசங்கியார் திரும்பும் பக்கமெல்லாம் திரும்புகிறார்கள். சிரிப்பு மூட்டுவதற்காகவே சில இடங்கள் அமைந்திருக்கின்றன. அவர்களில் எவருடைய தனிக்கதையையும் அந்த ஆட்டத்தில் தேடிப் பயனில்லை.

இன்னொரு செய்தியும் சொல்கிறேன். அது யார் பக்கத்துக்கு வலுச் சேர்க்கும் என்று தெரியவில்லை. 1955, 56இல் அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆதரவோடு கிரஹாம் குழு ஆசிய நாடுகளைச் சுற்றி வந்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் ஆடியது. அந்தப் பயணத்தில் அவர்கள் கொண்டுவந்த படைப்புகளில் அப்பலாச்சியன் ஸ்பிரிங்கும் ஒன்று.

எதிர்க்கரை

அம்மா, அது என் பக்கத்துக்குத்தான்! பனிப்போர் காலத்தில் ஓர் அரசு தன்னைப் பற்றி வெளியே காட்ட விரும்பிய படம் இதுவாக இருந்தது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

புதுவாசகன்

பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மீண்டும் இசைக்கே வருகிறேன். நேற்றிரவு 13 வாத்தியப் பதிவைக் கேட்டேன். அந்த மெட்டு திரும்பத் திரும்ப வருவதை நம் கீர்த்தனைகளில் ஒரே வரிக்குப் பல சங்கதிகள் போடுவதுபோல் எடுத்துக்கொள்ளலாமா?

மெட்டுக்காரர்

தம்பி, நல்ல கேள்வி. ஒப்புமை பாதி தூரம் வரும், அதற்குமேல் வராது. சங்கதி போடும்போது வரியின் சுரங்களே மாறுகின்றன. முதல் சங்கதியில் எளிதாக இருப்பது நான்காவதில் வளைந்து நெளிந்து எங்கோ போய்த் திரும்புகிறது. சுருதி மட்டும் கடைசிவரை அசையாது. கோப்லண்ட் இதற்கு நேர் மாறாகச் செய்கிறார். ப ப ச, ச ரி க ச என்று தொடங்கும் மெட்டைக் கிட்டத்தட்டத் தொடவே இல்லை. கிளாரினெட் முதலில் வாசிப்பதையேதான் கடைசியில் எல்லோரும் வாசிக்கிறார்கள். மாறுவது சுற்றியுள்ளவை எல்லாம். கிளாரினெட் அதை ஏ ஃபிளாட்டில் தொடங்குகிறது. அதன் பிறகு சுருதி இடம் மாறுகிறது. ஓரிடத்தில் காலம் இரட்டிப்பாக விரிந்து, மெட்டு பாதி வேகத்தில் நடக்கிறது, ஒரு குரலின் பின்னால் இன்னொரு குரல் அதே மெட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறது. முழக்கம் சி மேஜரில் வந்து நிற்கிறது.

இதற்கு ஒரு காரணம் இருப்பதாக நினைக்கிறேன். எளிமையே வரம் என்று பாடும் மெட்டுக்கு அலங்காரம் செய்தால் பாட்டின் பொருளுக்கே முரணாகிவிடும். நகை போடாமல் ஒளியை மட்டும் மாற்றிக் காட்டுகிறார்.

சுருதியைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. இறுதியில், பிரார்த்தனைபோல் ஒரு மெல்லிய பகுதிக்குப் பிறகு, தொடக்கத்தில் கேட்ட அந்த அடுக்கு முக்கூட்டுகள் திரும்ப வருகின்றன. கேட்பவருக்குத் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம் என்று தோன்றும். ஆனால் தொடங்கியது ஏ மேஜரில், முடிவது சி மேஜரில். சுருதிப்பெட்டியை ஒரே இடத்தில் வைத்துப் பழகிய நம் காதுக்கு இது முதலில் பிடிபடாது. பியானோவில் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் அடுத்தடுத்து வாசித்துப் பார்த்த அன்றுதான் எனக்கே உறைத்தது. அவர்கள் அதே வாசலில் இருக்கிறார்கள், தரை மட்டும் மாறியிருக்கிறது.

நட்டுவாங்கம்

மேடையிலும் அதேதான் ஐயா. மற்றவர்கள் வந்ததுபோலவே மெதுவாக விடைபெற்றுப் போய்விடுகிறார்கள். மணப்பெண் அந்த நாற்காலியில் அமர்கிறாள். தொடக்கத்தில் அதில் அமர்ந்திருந்தவள் முன்னோடிப் பெண்மணி என்பதை நினைவில் வையுங்கள். குடியானவன் அவளுக்குப் பின்னால் நின்று அவள் தோளில் கை வைக்கிறான். அவள் கை ஒன்று மெல்ல எழுந்து முன்னே நீளுகிறது, யாரையும் அழைக்காமல், எதையும் சுட்டாமல். ஆங்கிலத்தில் "ஹஸ்பண்ட்மேன்" என்ற அவன் பாத்திரத்தின் பெயர் உழவனையும் கணவனையும் ஒரே சொல்லில் குறிக்கும். குடியானவன் என்ற நம் சொல்லுக்குள்ளும் குடி இருப்பதால், இந்த ஓர் இடத்தில் மொழிபெயர்ப்பு எனக்குச் சிரமம் தரவில்லை.

கருங்குயில்

அந்த நாற்காலி கைமாறியதை நான் கவனிக்கவே இல்லை. இன்றிரவு மீண்டும் பார்க்கிறேன்.

எதிர்க்கரை

மெட்டுக்காரர் பரிந்துரைத்த 1973ஆம் ஆண்டுப் பதிவை நானும் கேட்டுவிட்டேன். நிலம் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் பிரசங்கத்துக்குப் பின், மணப்பெண் தனியாக இருக்கும் அந்த நெருக்கடிப் பகுதியில் வயலின்கள் முட்டி மோதி ஓடுகையில் பியானோ இடையிடையே அறைகிறதே, அதை மூன்று முறை பின்னால் தள்ளிக் கேட்டேன். தொகுப்பில் இதை எடுத்துவிட்டார்கள் என்பது இப்போது எனக்கும் கோபமூட்டுகிறது.